முழங்காலுக்குக் கீழே

கஸ்தூரியார் வீதியில் கமரா விற்கிற சுதாநிதி
முதலில் கேட்டது:
"ஆரைப் பிடிக்க, அக்கா? கள்ளனையோ?"
இல்லை, மீன்பிடிப் பூனையை.
சிரித்துவிட்டு இரண்டு பெட்டி எடுத்து வைத்தான்.

ஒன்று இருட்டில் சிவப்பாய் மினுங்கும்.
எண்ணாயிரம் ரூபா குறைவு.
மற்றது மினுங்காது.
மெகாபிக்சல் கணக்கை அவன் ஒப்புவித்துக்கொண்டிருக்க
நான் மினுங்காததன் விலையை
மாதச் சம்பளத்தில் கழித்துப் பார்த்தேன்.
இருட்டுக்குள் சின்னச் சிவப்பு வெளிச்சம் கண்டால்
இந்த ஊரில் பூனை மட்டுமா நின்று யோசிக்கும்?

வேகத்தையும் கேட்டேன்.
அசைவு கண்டு ஒரு செக்கன் பிந்தினால்
வால்தான் மிஞ்சும்.
இது அரைச் செக்கனுக்குள் விழிக்குமாம்.
எட்டு பற்றரி. ஒரு மெமரி காட். ஒரு பட்டி.
"உப்புக்காத்துக்கு உத்தரவாதம் இல்லை" என்று
பில்லின் பின்பக்கத்தில் எழுதியே தந்தான்.

நான் சாவகச்சேரியில் மருந்துக்கடையில் நிற்கிறவள்.
வெறும் குளிசைப் போத்தல்களுக்குள்
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் கிடக்கும்,
ஒருத்தரும் தேடாதவை.
நாலைச் சேர்த்துக் கமராவின் வயிற்றுக்குள் வைத்தேன்.
சீனி வருத்தக் குளிசையைக் காத்தது
இனிக் கண்டல்காட்டு இரவைக் காக்கட்டும்.

சரசாலையில், நீர் வற்றிய சேற்றோரம்
வடக்குப் பார்க்கக் கட்டினேன்.
கிழக்கென்றால் விடியல் வந்து கண்ணில் குத்தும்.
என் இடுப்பளவு உயரம்.
முன்னால் நின்ற புல்லைப் பிடுங்காமல் வந்தது
முதல் பிழை.

ஒரு கிழமை: ஆயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுப் படம்.
புல். புல். காற்று. புல்.
ஒரு கொக்கின் முதுகு.
புல்.

அடுத்த கிழமை புல்லில்லை.
கீரி இரண்டு. ஆரோ ஒருவரின் ஆடு.
பிறகு, இரவு இரண்டு பத்துக்கு, ஒரு கை.
அதற்குப் பிறகு பதினொரு படமும்
கட்டம் கட்டமாய் ஒரு துணி.
தன் சாரத்தைப் போட்டுக்
கமராவின் கண்ணை மூடியிருக்கிறார் ஒருவர்.
நாலரைக்கு அது அகல்கிறது.
ஒரு முழங்கை. வெறும் சேறு.

அழிக்கலாம். இடம் மாற்றலாம்.
கடையில் குளிசை எண்ணும்போதெல்லாம்
அந்தக் கட்டங்கள்தான்.
விலங்கு பார்க்கப் போனவள்
ஒரு மனிசனை ஒளிக்க வைத்துவிட்டேன்.

ஞாயிறு போய்ப் பட்டியை அவிழ்த்து இறக்கினேன்,
முழங்காலுக்கும் கீழே.
பூனை முழுதாய் வரும்.
மனிசருக்குக் கால் மட்டும்.

வந்தன கால்கள்.
ஒரு நண்டுக்கூடை.
இடது பெருவிரலில் நகம் இல்லை,
சுற்றிய சீலைத்துண்டு அவிழ்ந்து சேற்றில் இழுபடுகிறது.
கூடையிலிருந்து ஒரு மீன் நழுவி விழ
கால்கள் நிற்கின்றன,
எடுக்காமல் போகின்றன.
ஆறு நிமிடம்.
பிறகு அது.
குட்டைக் கால், தடித்த உடம்பு,
கழுத்தில் கோடாய்த் தொடங்கி
விலாவில் புள்ளியாய் உடைந்த மயிர்.
மீனை மணந்து, கவ்வி,
அவர் போன தடத்திலேயே போகிறது.
ஒரேயொரு படத்தில் திரும்பிப் பார்க்கிறது.
நான் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன்.
ஒருத்தருக்கும் காட்டவில்லை.
சுதாநிதிக்குக்கூட.

செவ்வாய் மத்தியானம் ஒருவர் துண்டு நீட்டினார்.
ந. பரமலிங்கம், ஐம்பத்திநாலு.
அன்ரிபயோட்டிக் ஏழு நாள், பூசுமருந்து ஒன்று.
நான் முகத்தைப் பார்க்கவில்லை.
மேசைக்கு மேலால் எட்டிச்
செருப்பைப் பார்த்தேன்.

"தண்ணி படாமல் வச்சிருங்கோ" என்றேன்.
"இரவிலயும்."
காசு எண்ணிய விரல் நின்றது.
நூறு ரூபாத் தாள்கள் ஈரமாய் இருந்தன.
"மழையே பெய்யேல்லையே, தங்கச்சி"
என்றார், மெல்ல.
"ஓம்" என்றேன். மிச்சத்தைக் கொடுத்தேன்.

அன்றிரவு கமராவில் கால்கள் இல்லை.
அடுத்த இரவும்.
பூனையும் இல்லை.

ஏழு நாள் என்றுதானே துண்டில் இருந்தது.
எட்டாம் நாளுக்கென்று
புதுப் பற்றரி போட்டு வந்திருக்கிறேன்.